யாரிடமிருந்து யாருக்கு: சிங்கப்பூரின் சார்ஸ் நாள்களில் நான் எழுதிய பட்டியல்கள்

2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சிங்கப்பூரின் அரசு மருத்துவமனை ஒன்றில் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியாக நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். வார்டுகளில் எல்லாரும் முறையாகக் கை கழுவுகிறார்களா என்று பார்ப்பதும், அறுவைக் காயங்களில் சீழ் பிடித்தால் காரணத்தைத் தேடுவதும், தவறுதலாக ஊசி குத்திக்கொண்ட தாதியரைப் பரிசோதனைக்கு அனுப்புவதுமே அதுவரை என் வேலையாக இருந்தன. எங்கள் பிரிவில் மூன்றே பேர். அடுத்த இரண்டரை மாதங்களில் நாங்கள் மூவரும் எழுதிய பெயர்களை எண்ணிப் பார்த்தால் ஒரு சிறிய ஊரின் வாக்காளர் பட்டியல் அளவுக்கு வரும். சார்ஸ் என்று பின்னர் பெயர் பெற்ற, மூச்சு மண்டலத்தைக் கடுமையாகத் தாக்கும் அந்தத் தொற்றுநோயை ஒரு நாடு எப்படிப் புரிந்துகொண்டது, எப்படி அடக்கியது என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருபவை அந்தப் பட்டியல்கள்தாம்.

நோய் எங்கள் தீவுக்கு வந்த வழி பின்னாளில் தெளிவாகத் தெரிந்தது. சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் விளங்காத நிமோனியா நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த முதிய மருத்துவர் ஒருவர், பிப்ரவரி 21 அன்று ஹாங்காங்கின் மெட்ரோபோல் ஹோட்டலில் ஒன்பதாம் மாடியில் வந்து தங்கினார். அந்த நாள்களில் அங்கே தங்கியிருந்த விருந்தினர்கள் ஊர் திரும்பியபோது ஹனோய்க்கும் டொரோண்டோவுக்கும் சிங்கப்பூருக்கும் நோய் அவர்களுடன் சென்றது. சிங்கப்பூருக்குத் திரும்பிய பெண்கள் மூவர் நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களில் இருவரிடமிருந்து யாருக்கும் பரவவில்லை. மார்ச் 1 அன்று டான் டோக் செங் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒருவரிடமிருந்து மட்டும் குடும்பத்தார், நண்பர்கள், தாதியர், பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் என்று 20 பேருக்கு மேல் தொற்றியது. அந்த இளம்பெண்ணின் பெயரை அன்றைய நாளிதழ்கள் வெளியிட்டன. தன் குடும்பத்தாரையே இந்நோய்க்குப் பறிகொடுத்த ஒருவரை ஊரே சுட்டிக்காட்டிப் பேசியது எனக்கு அப்போதும் பொறுக்கவில்லை, இப்போதும் பொறுக்கவில்லை. பயிற்சி வகுப்புகளில் அவரைப் பற்றிச் சொல்ல நேரும்போதெல்லாம் ‘முதல் நோயாளி’ என்று மட்டுமே சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் மார்ச் 12 அன்று உலகளாவிய எச்சரிக்கை விடுத்தது. சிங்கப்பூரின் முதல் நோயாளிகளைக் கவனித்த மருத்துவர் ஒருவர் நியூயார்க்கில் மாநாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், மார்ச் 15 அன்று பிராங்ஃபர்ட்டில் விமானத்திலிருந்து இறக்கப்பட்டு மருத்துவமனையில் தனிமைப்படுத்தப்பட்டார். அதே நாளில்தான் நோய்க்கு சார்ஸ் என்ற பெயர் கிடைத்தது. பயணிகளுக்கான எச்சரிக்கையும் வெளிவந்தது. பெயர் கிடைத்ததே தவிர, கிருமி எது என்று தெரியாது, பரிசோதனை கிடையாது, மருந்து கிடையாது, தடுப்பூசி என்ற பேச்சுக்கே இடமில்லை. காய்ச்சல், இருமல், நெஞ்சு ஊடுகதிர்ப் படத்தில் வெண்மை, இவற்றோடு ‘யாருடன் இருந்தார்’ என்ற கேள்விக்கான விடை, இவ்வளவுதான் எங்கள் கையில் இருந்தவை. முதல் மூன்றும் வேறு பல நோய்களிலும் உண்டு. ஆகவே நோயைக் கண்டுபிடிக்கும் கருவியாக அந்த நான்காவது கேள்வியே மாறியது.

மார்ச் 22 அன்று அரசாங்கம் டான் டோக் செங் மருத்துவமனையை சார்ஸ் நோயாளிகளுக்கென்றே ஒதுக்கியது. அதன் அவசரப் பிரிவும் மற்ற நோயாளிகளுக்கான சேவைகளும் நிறுத்தப்பட்டன. 1844இல் ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனையும், அதன் பக்கத்தில் மோல்மின் சாலையில் இருந்த பழைய தொற்றுநோய் நிலையமும் சேர்ந்து நாட்டின் பாரத்தைச் சுமந்தன. ஏன் ஒரே இடம் என்று அன்று பலர் கேட்டார்கள். ஐந்து மருத்துவமனைகளில் ஐந்து விதமாக முகக்கவசம் அணியக் கற்றுக்கொண்டிருந்தால் ஐந்து இடங்களிலும் தாதியர் விழுந்திருப்பார்கள் என்பதே என் பதில். எங்களைப் போன்ற மற்ற மருத்துவமனைகளுக்கு வேறொரு பொறுப்பு வந்தது. சந்தேகத்துக்குரியவரை உடனே அங்கே அனுப்ப வேண்டும். அதைவிட முக்கியமாக, சந்தேகமே எழாத வகையில் எங்கள் வார்டுகளுக்குள் யாராவது படுத்திருக்கிறார்களா என்று தேட வேண்டும்.

பட்டியல் எழுதும் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அது படிவத்தை நிரப்பும் வேலை என்றே பலர் நினைக்கிறார்கள். ஒருவருக்கு சார்ஸ் என்று ஐயம் எழுந்தால், அவருடைய தொடர்புகள் அனைவரையும் 24 மணி நேரத்துக்குள் கண்டறிய வேண்டும் என்பது இலக்கு. தொடக்கத்தில் நான் நோயாளியிடம், “கடந்த பத்து நாள்களில் யாரையெல்லாம் சந்தித்தீர்கள்?” என்று கேட்டேன். கிடைத்த விடைகள் பயனற்றவை. மனைவி, பிள்ளைகள், மேலதிகாரி என்று நான்கைந்து பெயர்கள் வரும். அதற்குமேல் நினைவு நகராது. மனித நினைவு ஆள்களை வரிசையாக வைத்துக்கொள்வதில்லை. இடங்களையும் செயல்களையும்தான் வைத்துக்கொள்கிறது என்பதை மூன்றாம் நாளே புரிந்துகொண்டேன். அதன் பிறகு நான் கேட்ட முதல் கேள்வி, “காலையில் கோப்பி எங்கே குடித்தீர்கள்?” என்பதாக இருந்தது. வீட்டிலா, அடுக்குமாடி புளோக்கின் கீழே கோப்பிக் கடையிலா? தனியாகவா? எதிரில் யார் உட்கார்ந்தார்? பிறகு எந்தப் பேருந்து? மதியச் சாப்பாடு யாருடன்? அன்று சம்பளம் வந்த நாளா, கோயிலுக்குப் போன நாளா? ஒரு நாளைக் காலையிலிருந்து இரவு வரை அவருடன் சேர்ந்து நடந்து முடிப்பேன். பிறகு முந்தைய நாளுக்குப் போவேன். நான்கு பெயர்கள் சொன்னவரிடமிருந்து 31 பெயர்கள் வந்ததுண்டு.

இன்னொன்றையும் கற்றேன்; அது என் தவறிலிருந்து வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில், ஒரே வார்டில் காய்ச்சல் கண்ட மூவரின் விவரங்களை வரிசைப்படுத்தியபோது, மூன்றாமவரிடமிருந்து முதலாமவருக்குப் போயிருக்கலாம் என்று என் தாளில் அம்புக்குறி போட்டேன். சுகாதார அமைச்சுக்கு அனுப்பும் முன் மூத்த மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்து, தேதிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார். அவர்கள் எங்களிடம் வந்து சொன்ன தேதியை நான் எழுதியிருந்தேன்; உடல் முதன்முதலில் சரியில்லாமல் போன தேதியை எழுதவில்லை. மூன்றாமவர் காய்ச்சல் வந்த அன்றே சொன்னவர், முதலாமவர் ஐந்து நாள்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தவர். தேதியைத் திருத்தியதும் அம்புக்குறி திசை மாறியது. தேட வேண்டிய அறையே வேறாகிவிட்டது. அன்று முதல் என் பட்டியல்களில் முதல் கட்டம் பெயருக்குரியதாக இருக்கவில்லை. ‘எந்த நாள், எந்த வேளையில் முதல் அறிகுறி’ என்பதே முதல் கட்டம். இந்த வேலைக்கு வரும் இளையோரிடம் நான் இன்றும் வற்புறுத்துவது இதைத்தான்.

இப்படி நாடு முழுவதும் எழுதப்பட்ட தேதிகளிலிருந்துதான் நோயின் இயல்பே வெளிப்பட்டது. தொற்றிய நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் பத்து நாள்களுக்கு மேல் போவதில்லை என்பதால் தனிமைப்படுத்தும் காலம் பத்து நாள்கள் என்று வைக்கப்பட்டது. அறிகுறி தோன்றுவதற்கு முன் ஒருவர் பரப்பியதாகத் தெரியவில்லை. நோய் முற்றும்போதுதான், அதாவது பெரும்பாலும் அவர் ஏற்கெனவே மருத்துவமனையில் படுத்திருக்கும்போதுதான், தொற்று அதிகமாகப் பரவியது; கடைத்தெருவைவிட வார்டு ஆபத்தான இடமாக இருந்ததற்குக் காரணம் இதுவே. எல்லாவற்றையும்விட எங்களைத் திகைக்க வைத்தது வேறொரு கணக்கு. ஏப்ரல் இறுதி வரை சிங்கப்பூரில் கண்டறியப்பட்டவர்களில் 81 விழுக்காட்டினர் வேறு யாருக்கும் நோயைக் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஐந்தே பேர் ஆளுக்குப் பத்துப் பேருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். மிகைப் பரப்புநர் என்ற சொல் அப்போதுதான் எங்கள் பேச்சில் நுழைந்தது. எங்கள் நாட்டுத் தரவுகளை வைத்து உலக ஆய்வாளர்கள், கட்டுப்பாடு ஏதும் இல்லாவிட்டால் ஒருவர் சராசரியாக மூவருக்குப் பரப்புவார் என்று மதிப்பிட்டு, அந்த ஆண்டே ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். சராசரி மூன்று என்றாலும், பெரும்பாலோர் பூஜ்யம், ஒரு சிலர் இருபது என்ற இந்த ஏற்றத்தாழ்வுதான் உண்மையான பாடம். அந்த ஒரு சிலர் யார் என்று முன்கூட்டியே தெரியாது. ஆகவே ஒவ்வொருவரையும் அவராக இருக்கலாம் என்று கருதியே தேட வேண்டியிருந்தது.

அந்த ஐவரில் ஒருவரின் கதையை நான் பலமுறை வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். அறுபது வயதை ஒட்டிய அவருக்குச் சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, இதய நோய் என்று பல தொல்லைகள். மார்ச் மாதத்தில் டான் டோக் செங்கில் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர், சில நாள்களில் குடலில் இரத்தக் கசிவு என்று சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் சேர்ந்தார். பழைய நோய்களே புதிய நோய்க்குத் திரையாகிவிட்டன. அவர் மூலம் அங்கே தாதியர், மருத்துவர், நோயாளிகள் என்று பலருக்குத் தொற்றியது. அவரைப் பார்க்க வந்த சகோதரர் காய்கறி வியாபாரி; அவர் வழியாக நோய் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையை எட்டியது. ஏப்ரல் 20ஐ ஒட்டி அந்தச் சந்தையே மூடப்பட்டு, அங்கே வேலை செய்தவர்களும் சரக்கு எடுக்க வந்தவர்களும் ஆயிரக்கணக்கில் தேடப்பட்டார்கள். அந்த வாரம் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் கீரையும் கத்தரிக்காயும் விலை ஏறியதைப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். சிறுநீரக நோயாளியின் இரத்தக் கசிவுக்கும் நம் வீட்டுக் கத்தரிக்காய்க்கும் இடையே இவ்வளவு நேரான கோடு இருக்கும் என்று யார் நினைத்திருக்க முடியும்?

இப்படிப் பழைய நோய்களின் பின்னே சார்ஸ் மறைந்திருக்கும் நோயாளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த விடை, அவரைப் பார்க்காமல் அவரைச் சுற்றி நிற்பவர்களைப் பார்ப்பது. மருத்துவமனைப் பணியாளர் ஒவ்வொருவரும் நாள்தோறும் பலமுறை உடல் வெப்பத்தை அளந்து பதிய வேண்டும் என்ற விதி வந்தது. மருத்துவர், தாதி, துப்புரவாளர், உணவு வண்டி தள்ளுபவர், பாதுகாவலர் எவருக்கும் விலக்கு இல்லை. மாலையில் அந்தத் தாள்கள் என் மேசைக்கு வரும். ஒருவருக்கு 38 பாகை என்றால் அது சளிக் காய்ச்சலாக இருக்கலாம். ஒரே வார்டில் இரண்டு நாள்களுக்குள் மூவருக்கு 37.6, 37.8, 38 என்றால் அந்த வார்டின் ஏதோ ஒரு கட்டிலில் விடை படுத்திருக்கிறது என்று பொருள். தனித்தனி எண்ணாகப் பார்க்காமல் வார்டு வாரியாகச் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொண்டதுதான் அந்த ஆண்டு நான் பெற்ற மிகப் பெரிய தொழிற்பயிற்சி. இதற்குக் கணினி தேவைப்படவில்லை. சதுரக் கட்டம் போட்ட தாளும் சிவப்புப் பேனாவும் போதுமாக இருந்தன.

ஆனால் எண்கள் உண்மையாக இருக்க வேண்டும். இளம் தாதி ஒருவர் இரண்டு நாள்களாகத் தொடர்ந்து 36.8 என்றே எழுதி வந்தார். காலை, மதியம், மாலை எல்லாவற்றிலும் அதே எண். மனித உடல் அப்படி இருப்பதில்லை. நான் அவரைத் தனியே அழைத்து, “தங்கச்சி, உண்மையில் எவ்வளவு இருந்தது?” என்று கேட்டபோது அவர் அழுதுவிட்டார். வார்டில் ஏற்கெனவே இருவர் விடுப்பில். தானும் போனால் மற்றவர்கள் இரட்டைப் பணி பார்க்க வேண்டும் என்பதால் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நல்ல மனம்தான் அவரை அப்படிச் செய்ய வைத்தது. அவருக்கு சார்ஸ் இல்லை என்று பின்னர் தெரிந்தது. நான் செய்த மாற்றம் இதுதான்: காய்ச்சல் என்று சொல்பவருக்குப் பதிலாக வருபவர் யார் என்பதை முன்கூட்டியே எழுதி வார்டுச் சுவரில் ஒட்டச் சொன்னேன். சொன்னால் யாருக்கும் இழப்பில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகு எண்கள் இயல்பாக ஏறி இறங்கத் தொடங்கின. உண்மையைச் சொல்லும்படி உத்தரவிடுவதைவிட, உண்மையைச் சொல்வதற்கான செலவைக் குறைப்பது பலன் தந்தது.

உடல் வெப்பத்தை அளப்பதிலேயே நுணுக்கங்கள் உண்டு. சூடான தேநீர் குடித்துவிட்டு உடனே நாவின் அடியில் வெப்பமானியை வைத்தால் காய்ச்சல் காட்டும். குளிர்ந்த நீர் குடித்தால் மறைக்கும். கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். முகக்கவசத்தைப் பொறுத்தவரை, என்95 என்ற பெயர் பொறித்த ஒன்றை மூக்கில் மாட்டினால் பாதுகாப்பு வந்துவிடாது. முகத்தின் அமைப்புக்கு அது ஒட்டிப் பொருந்த வேண்டும். தலைமேல் கூண்டு போன்ற உறையைக் கவிழ்த்து, உள்ளே கசப்பான திரவத்தைத் தூவுவோம். கவசம் அணிந்தவர் நாவில் கசப்பை உணர்ந்தால் அந்த அளவு அவருக்குப் பொருந்தவில்லை. சிறிய முகம் கொண்ட தாதியர் பலர் இந்தச் சோதனையில் தேறாமல் வேறு அளவு தேடினோம். அணிவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். கையுறை, கை கழுவல், மேலங்கி, கண்ணாடி, மீண்டும் கை கழுவல், கடைசியாகக் கவசம். அதையும் முன்பக்கம் தொடாமல் பின்நாடாவைப் பிடித்துக் கழற்ற வேண்டும். எட்டு மணி நேரப் பணி முடிந்து களைத்த கை வரிசையை மறந்துவிடும். அதனால் கழற்றும் இடத்தில் எப்போதும் இன்னொருவர் நின்று வரிசையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். தனியாகக் கழற்ற யாரையும் நான் அனுமதித்ததில்லை.

ஆள்கள் நடமாட்டத்தையும் நாடு நிறுத்தியது. ஒரு மருத்துவமனையின் மருத்துவர் இன்னொன்றுக்குப் போகக் கூடாது. நோயாளிகளை இடம் மாற்றக் கூடாது. பார்வையாளர்கள் வரக் கூடாது. இவற்றில் மூன்றாவதுதான் எங்களை உடைத்தது. சாகும் தறுவாயில் இருந்த தாயைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தும் பார்க்க முடியாமல் போன மகன்களிடம் தொலைபேசியில் பேசிய தாதியர் நாங்கள். நோய்த்தடுப்பு நோக்கில் அந்த விதி சரி. ஆனால் அதை இன்னும் மென்மையாகச் செய்திருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாதியின் பெயரைக் கொடுத்து, குடும்பத்தார் தினமும் அவரிடமே பேசலாம் என்று முதல் நாளிலிருந்தே வைத்திருக்கலாம். நாங்கள் அதை மே மாதத்தில்தான் செய்தோம். தாமதம்.

வெளியுலகில், மார்ச் 24 அன்று தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் 740 பேர் வீட்டில் தனித்திருக்க உத்தரவிடப்பட்டார்கள். மார்ச் 27 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. மருத்துவக் காரணத்தைவிடப் பெற்றோரின் அச்சமே அதற்குக் காரணம் என்று அரசாங்கம் ஒளிக்காமல் சொன்னது. மொத்தத்தில் ஏறத்தாழ 7,800 பேர் இல்லத் தனிமையில் இருந்தார்கள். அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வந்தது. வீட்டில் புகைப்படக் கருவி பொருத்தப்பட்டது, மீறியவர்களுக்கு மின்னணுப் பட்டை மாட்டப்பட்டது, சட்டம் கடுமையாக்கப்பட்டு ஒருவர் சிறைக்கும் சென்றார். வெளிநாட்டவர் பலர் இந்தக் கடுமையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். தனித்திருந்தவர்களுக்குப் படித்தொகை கொடுக்கப்பட்டதையும், சந்தேகம் வந்தால் 993 என்ற எண்ணை அழைத்துத் தனி ஆம்புலன்ஸ் வரவழைக்க முடிந்ததையும் அவ்வளவாக எழுதுவதில்லை. நாள் கூலிக்காரர் ஒருவரை வீட்டில் உட்காரச் சொன்னால் அவர் வீட்டு உலையில் என்ன வேகும் என்ற கேள்விக்கு விடை சொல்லாத உத்தரவு பத்து நாள்கள் தாங்காது.

தனிமையில் இருந்தவர்களைத் தொலைபேசியில் அழைக்கும் பணியில் தமிழ் பேசுபவர்கள் தேவைப்பட்டபோது நானும் மாலை வேளைகளில் உதவினேன். அங் மோ கியோவில் தனியாக வசித்த ஒரு மூதாட்டி மூன்று நாள்கள் தொடர்ந்து என் அழைப்பைத் துண்டித்தார். நான்காம் நாள் வெப்பநிலை எவ்வளவு என்று கேட்காமல், “பாட்டி, இரத்த அழுத்த மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது?” என்று கேட்டேன். சற்று நேரம் மௌனம். பிறகு, “நாளையோட தீருதும்மா. யாரைக் கேக்கறதுன்னு தெரியல,” என்றார். மாத்திரையும் இரண்டு கிலோ அரிசியும் அன்றிரவே போய்ச் சேர ஏற்பாடு செய்தோம். மறுநாள் நான் கேட்காமலேயே வெப்பநிலையைச் சொன்னார். தொடர்ந்து, முதல் விசாரணையில் மறைத்திருந்த ஒரு வருகையையும் சொன்னார். மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாளில் மகள் வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டியிருந்தார். மருமகனுக்கு வேலை போய்விடும் என்று பயந்து சொல்லவில்லை. மகள் வீட்டார் நால்வரும் அன்றே பட்டியலில் சேர்ந்தார்கள். நால்வருக்கும் எதுவும் வரவில்லை.

எங்களை ஊர் எப்படிப் பார்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். சீருடையுடன் பேருந்தில் ஏறிய தாதியரின் பக்கத்து இருக்கை காலியானது. டாக்சிகள் நிற்காமல் போயின. சீருடையை மருத்துவமனையிலேயே களைந்து, குளித்து, வேறு உடை அணிந்தே வெளியேறினோம் என்பது பயணிகளுக்குத் தெரியாது. மறுபுறம், பள்ளிப் பிள்ளைகள் வரைந்த வாழ்த்து அட்டைகள் மூட்டை மூட்டையாக வந்தன. நோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் உதவ ஏப்ரலில் தொடங்கப்பட்ட ‘கரேஜ் ஃபண்டு’ நிதிக்கு மக்கள் வாரி வழங்கினார்கள். சித்திரைப் புத்தாண்டன்று என் மகள் ஈசூனில் என் அண்ணி வீட்டில் இருந்தாள். நான் வாசலுக்கு வெளியே நின்று பாயசத்தை வாங்கிக்கொண்டேன். பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வெப்பமானி கொடுத்து, நாளுக்கு இருமுறை அளந்து எழுதப் பழக்கினார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை தன் எண்களைத் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டியபோது, இரவெல்லாம் நான் பார்க்கும் தாள்களின் தொடர்ச்சியாகவே அது எனக்குக் கேட்டது.

ஆய்வகங்களும் தூங்கவில்லை. சிங்கப்பூர் மரபணுக் கழகம் உள்நாட்டு நோயாளிகள் ஐவரின் கிருமி மாதிரிகளின் முழு மரபணு வரிசையைப் படித்து, மற்ற நாடுகளின் வரிசைகளோடு ஒப்பிட்டு, மே மாதமே ‘லான்செட்’ இதழில் வெளியிட்டது. எந்த மாதிரி எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பதை, கிருமி தன்னை நகலெடுக்கும்போது மரபணுவில் விழுந்த எழுத்துப் பிழைகளே காட்டிக்கொடுத்தன. நாங்கள் கோப்பிக் கடைக் கேள்விகளால் வரைந்த அம்புக்குறிகளைப் போன்றவற்றை அவர்கள் வேறு மொழியில் வரைந்தார்கள். இராணுவத்தின் வெப்பப் படக்கருவியைச் சில நாள்களில் மாற்றியமைத்துச் சாங்கி விமான நிலையத்தில் நிறுத்தினார்கள். படங்களில் அது கவர்ச்சியாகத் தெரிந்தாலும், வார்டில் வேலை செய்தவள் என்ற முறையில், நாவின் அடியில் வைக்கும் மூன்று வெள்ளி வெப்பமானியையே நான் அதிகம் நம்பினேன்.

மே 11க்குப் பிறகு புதிய நோயாளி இல்லை. மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் சிங்கப்பூரைப் பாதிக்கப்பட்ட இடங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. 238 பேருக்கு நோய். 33 பேர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் மருத்துவப் பணியாளர்கள். இறந்தவர்களில் மருத்துவர்களும் தாதியரும் உண்டு. அவர்கள் யாரும் கவனக்குறைவால் இறக்கவில்லை. எதை எதிர்கொள்கிறோம் என்று யாருக்கும் தெரியாத நாள்களில் கட்டிலருகே நின்றவர்கள் அவர்கள். செப்டம்பரில் ஆய்வகத்தில் பணியாற்றிய ஒருவருக்கு, வேறொரு கிருமியோடு கலந்துவிட்ட மாதிரியிலிருந்து சார்ஸ் தொற்றியது. அவரிடமிருந்து யாருக்கும் பரவவில்லை. அந்த நிகழ்வுக்குப் பிறகு ஆய்வகப் பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன.

எங்கள் அனுபவத்தை 2020இல் கோவிட் வந்தபோது அப்படியே எடுத்துச் சென்றதில் ஒரு பெரிய குறை இருந்தது. 330 கட்டில்களுடன் 2019இல் திறக்கப்பட்ட தேசியத் தொற்றுநோய் நிலையமும், அடுக்கிவைத்த முகக்கவசங்களும், பயிற்சி பெற்ற தடமறியும் குழுக்களும் சார்ஸ் விட்டுச்சென்ற செல்வம். ஜனவரி 23 அன்று முதல் கோவிட் நோயாளி கண்டறியப்பட்டபோது அவை பெரிதும் உதவின. ஆனால் நான் இளம் தாதியருக்குச் சொன்னது, “காய்ச்சலைத் தேடுங்கள், காய்ச்சல் இல்லாதவரைப் பற்றி அஞ்ச வேண்டாம்,” என்பதே. சார்ஸுக்கு அது உண்மை. புதிய கிருமியோ அறிகுறி தோன்றும் முன்னரே பரவியது. நாங்கள் நம்பியிருந்த வெப்பமானி அதைப் பிடிக்கவில்லை. அந்த அறிவுரையை நான் சில வாரங்களுக்குப் பிறகுதான் திருத்திச் சொன்னேன். பழைய நோயில் நாம் தேதிகளை வைத்துக் கற்ற பாடத்தைப் புதிய நோயிலும் தேதிகளை வைத்தே மீண்டும் கற்க வேண்டும். முடிவுகளைக் கடன் வாங்கக் கூடாது என்பதை நான் உணர்ந்தது அப்போதுதான்.

அந்த ஏப்ரலில் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் நோய் பரவியபோது, தமிழில் பேச ஆள் வேண்டும் என்று மீண்டும் அழைத்தார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துக் கட்டுமான ஊழியர் ஒருவர் எதிர்முனையில் இருந்தார். முந்தைய நாள் மாலை பரிசோதனை முடிவு வந்திருந்தது. காய்ச்சல் இல்லை, வாசனை மட்டும் தெரியவில்லை என்றார். “எந்த நாளிலிருந்து தம்பி?” என்றேன். ஞாயிற்றுக்கிழமை மீன் பொரித்தபோது மணக்கவில்லை என்று யோசித்துச் சொன்னார். முதல் கட்டத்தில் ஞாயிறு மாலை என்று எழுதினேன். அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலையில் தேநீர் எங்கே குடித்தார் என்று கேட்டேன். “ரூம்லதான் அக்கா. நாங்க பன்னெண்டு பேரும் ஒண்ணாத்தான்,” என்று சொல்லி, கட்டில் வரிசைப்படி ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார்.